விளியற்ற பாஷை

குழந்தைகளின் தமிழை டெலிவிஷனும் செல்போனும் கெடுத்துக்கொண்டிருக்கின்றன என்று ஓர் அறிக்கை சுற்றில் இருக்கிறது. நம் நண்பர்கள் எழுதியதுதான். கையெழுத்துக்காக என்னிடமும் வந்தது, நான் போடவில்லை. போடாததற்கு என்னுடைய சோம்பலையும் வேறு சில குணங்களையும் காரணமாகக் காட்டி இரண்டு கடிதங்கள் வந்துவிட்டபடியால், காரணத்தை நானே எழுதிவிடுவது உத்தமம். அறிக்கை சொல்வது மூன்று விஷயங்கள். அறிவிப்பாளர்கள் இங்கிலீஷ் கலந்து பேசுகிறார்கள். ழகரத்தைக் கொலை செய்கிறார்கள். இதைக் கேட்டு வளரும் குழந்தை நாளை தமிழல்லாத ஒன்றைப் பேசப்போகிறது. முதல் இரண்டும் உண்மை, அற்பமான உண்மைகள். மூன்றாவது பொய். இரண்டு அற்ப உண்மைகளின் தோளில் ஒரு பொய்யை ஏற்றிப் பவனி விடுவது கலாச்சாரக் காவலர்களின் பழைய பழக்கம். நம்முடையவர்களும் பல்லக்குத் தூக்கப் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

ழகரத்தை முதலில் முடித்துவிடலாம். மதுரைப் பக்கம் ‘வாளப்பளம்’ என்றும் சென்னையில் ‘வாயப்பயம்’ என்றும் சொல்லுகிற தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் கவிஞர்கள் ஆகியிருக்கிறார்கள். சென்னையில் டெலிவிஷன் வந்தது 1975 ஆகஸ்டில். அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்ட கொலைக்கு அதைக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்?

மூன்றாவதுக்கு வருகிறேன். காதில் விழும் சப்தமெல்லாம் குழந்தைக்குள் குடத்துத் தண்ணீர்போல நிறைகிறது. நல்ல தண்ணீர் விட்டால் நல்ல தமிழ், சாக்கடை விட்டால் சாக்கடைத் தமிழ் — அறிக்கையின் மனோதத்துவம் இவ்வளவுதான். ஸ்கின்னர் 1957இல் பாஷையை வெறும் பழக்கமாக்கி ஒரு புத்தகம் எழுதினார். 1959இல் சாம்ஸ்கி அதை ஒரு மதிப்புரையில் கிழித்துப் போட்டார். சாம்ஸ்கி சொன்னதையெல்லாம் நாம் ஏற்க வேண்டியதில்லை. குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆசாமியிடம் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் குடம் உடைந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகிறது. உடைந்த குடத்தை இன்னும் இடுப்பில் வைத்துக்கொண்டு நம்மவர்கள் கிணற்றடிக்குப் போகிறார்கள்.

ஸ்தூலமாகவே பேசுவோம். பாட்ரீஷியா கூலும் அவருடைய சகாக்களும் 2003இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். இங்கிலீஷ் மட்டுமே புழங்கும் அமெரிக்க வீடுகளிலிருந்து 9 மாதக் குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளோடு மாண்டரின் சீனத்தைத் தாய்பாஷையாக உடையவர்கள் தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, படப் புத்தகம் படித்துப் பேசினார்கள். நாலு வாரத்தில் 12 தடவை, தடவைக்கு சுமார் 25 நிமிஷம். இங்கிலீஷில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகள் தைவான் குழந்தைகளின் அளவுக்குப் பிடித்துக்கொண்டன. இன்னொரு பகுதிக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மைகள், ஆனால் திரையில். வேறொரு பகுதிக்குக் குரல் மட்டும். இந்த இரண்டு பகுதியும் ஒன்றையும் பெறவில்லை. சீனமே கேட்டறியாத குழந்தைகளும் இவையும் ஒன்றாகவே இருந்தன. சப்தத்தில் குறைவில்லை, உச்சரிப்பில் பழுதில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதைவிட என்னை உலுக்கியது 1981இல் ஜாக்குலின் சாக்ஸும் மற்றவர்களும் எழுதிய ஒரு பையனின் கதை. ஆய்வில் அவனுக்கு ஜிம் என்று பெயர். பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். பையனுக்குக் காது கேட்கும். அவர்கள் அவனிடம் சைகை பாஷையையும் அதிகம் பயன்படுத்தவில்லை. இங்கிலீஷ் அவனுக்குப் பெரும்பாலும் டெலிவிஷனிலிருந்துதான் வந்தது. மூன்றே முக்கால் வயதில் அவனிடம் வார்த்தைகள் இருந்தன. வாக்கியம்தான் இல்லை, தாய்பாஷையைக் கற்கும் எந்த வயதுக் குழந்தையும் பேசாத ஒரு தாறுமாறான கட்டு அவனிடம் இருந்தது. பெரியவர்கள் அவனோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் அது நேராகிவிட்டது. தேர்ந்த அறிவிப்பாளர்களின் குற்றமற்ற இங்கிலீஷை வருஷக்கணக்காகக் குடித்தவனுக்கு அது ஒட்டவில்லை. ‘நீ என்ன சொல்றே?’ என்று கேட்க ஒருவர் வந்ததும் ஒட்டிவிட்டது.

ஆகவே நண்பர்களே, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு டெலிவிஷனுக்குச் சக்தி கிடையாது. தன்னால் கொடுக்க முடியாத ஒன்றை அது கெடுக்கவும் முடியாது. மூன்று வயதுக்கு மேல் குழந்தை திரையிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கிக்கொள்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூழாங்கல் பொறுக்குவதும் வீடு கட்டுவதும் ஒரே காரியமல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் அமெரிக்காவில் ‘பேபி ஐன்ஸ்டீன்’ என்று கைக்குழந்தைகளுக்கு வீடியோ விற்றார்கள், கோடிக்கணக்கில் சம்பாதித்தார்கள், விமர்சனம் முற்றியபோது, 2009இல், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். 2010இல் ஜூடி டிலோச்சும் சகாக்களும் ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் வீடியோ பார்த்த குழந்தைகள் வீடியோவே பார்க்காதவற்றைவிட அதிகமாக ஒரு வார்த்தையும் கற்கவில்லை. அதிகம் கற்றவை, வீடியோ இல்லாமல் பெற்றோரே சொல்லிக்கொடுத்த குழந்தைகள். இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: வீடியோவை ரசித்த பெற்றோர்கள், தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றுவிட்டதாகத் தவறாக நம்பினார்கள். நம் இலக்கியக் கூட்டங்களில் கைதட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

குழந்தைக்குப் பாஷை எப்படித்தான் வருகிறது? ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு நம் தெருவுக்கே வரலாம். இடுப்பில் பேரனோடு ஒரு பாட்டி வாசலில் நிற்கிறாள். தெருவில் தெரிந்தவர் ஒருவர் போகிறார். ‘எங்க போறீங்க மாமான்னு கேளு’ என்கிறாள் பாட்டி. குழந்தை கேட்பதாவது, அதற்குப் பத்து மாசம். ‘கடைக்குப் போறேன்டா கண்ணு, நீயும் வர்றியா?’ என்று அவர் குழந்தைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். இந்த மூன்று வாக்கியங்களில் எத்தனை காரியம் நடந்துவிட்டது பாருங்கள். கேள்வி பாட்டியுடையது, ஆனால் கேட்டவனாகக் குழந்தை நிறுத்தப்பட்டுவிட்டான். இன்னும் ஒரு வார்த்தை பேசாதவனுக்குப் பேச்சில் ஓர் இடம் போட்டுவைத்தாயிற்று. எதிரே இருப்பவர் மாமா என்பது வந்துவிட்டது. மாமாவை ‘போறீங்க’ என்றும் தன்னை ‘வர்றியா’ என்றும் சொல்வார்கள் என்பதும் கூடவே வந்துவிட்டது. இலக்கணப் பாடம் நடத்திய பிரக்ஞை பாட்டிக்கும் இல்லை, மாமாவுக்கும் இல்லை.

‘சொல்லு’, ‘கேளு’ என்ற இந்த இரண்டு ஏவல்களும்தான் நம் வீடுகளின் பள்ளிக்கூடம். நம் வீடுகளுக்கு மட்டும் சொந்தமானவை என்று பெருமைப்பட வேண்டாம். பாப்புவா நியூகினியில் கலுலி என்றொரு ஜனம். பாம்பி ஷீஃபலின் அவர்களிடையே வாழ்ந்து எழுதியிருக்கிறார். எலினோர் ஓக்ஸுடன் சேர்ந்து 1984இல் எழுதிய கட்டுரை பிரசித்தம். கலுலித் தாய்மார்கள் கைக்குழந்தையிடம் கொஞ்சிப் பேசுவதில்லை. அதற்கு ஒன்றும் புரியாது என்பது அவர்கள் கட்சி. ஆனால் குழந்தையை முகம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தி, குழந்தையே பேசுவதுபோல அதன் அண்ணனிடமோ அக்காளிடமோ பேசுகிறார்கள். குழந்தை ஓரிரு வார்த்தை பேச ஆரம்பித்ததும் ‘எலெமா’ என்று முடித்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லவைக்கிறார்கள். இப்படிச் சொல்லு என்று அர்த்தம். வாசலில் நிற்கும் நம் பாட்டிக்கு அங்கே சகோதரிகள் இருக்கிறார்கள்.

கலுலிக் குழந்தைகளைக் காட்டி, கொஞ்சாமலே குழந்தை பேசிவிடுகிறதே, டெலிவிஷனும் அப்படித்தானே என்று என்னை மடக்கலாம். மடக்க முடியாது. குழந்தையிடம்தான் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை. யாராவது யாரிடமாவது நிஜமாகப் பேச வேண்டும். குழந்தை அதற்குள் ஒரு சம்பந்தப்பட்ட ஆளாக இருக்க வேண்டும். வீட்டில் நடக்கும் சண்டை குழந்தைக்குப் பாஷை தரும். சீரியலில் நடக்கும் சண்டை தராது. இத்தனைக்கும் சீரியலில் உச்சரிப்பு தெளிவாக இருக்கும்.

இப்படிப் பெற்ற பாஷையின் கனத்தை நம் எழுத்தாளர்கள் அறிந்தார்களில்லை. இரண்டரை வயதில் ‘தாத்தா வந்தாரு’, ‘தம்பி வந்தான்’, ‘நாய் வந்துச்சு’ என்று திணையையும் பாலையும் மரியாதையையும் பிரித்துவிடுகிறது குழந்தை. தமிழ்போன்ற ஒட்டுநிலை பாஷைகளில் குழந்தைகள் விகுதிகளை மிகச் சிறு வயதிலேயே, அதிகப் பிழையில்லாமல் பிடித்துக்கொள்கின்றன என்று ராகவேந்திராவும் லெனார்டும் 1989இல் எழுதினார்கள். நம் கதைகளில் வருகிற குழந்தையோ ஐந்து வயதிலும் ‘நீங்க லொம்ப நல்லவங்க மாமா’ என்று நாக்கைக் குழறிக்கொண்டிருக்கிறது. ருஷ்யாவில் கோர்னெய் சுக்கோவ்ஸ்கி குழந்தைகள் தாங்களே ஆக்கிக்கொண்ட வார்த்தைகளை வருஷக்கணக்காகச் சேகரித்து ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்று புத்தகம் ஆக்கினார். இங்கே மழலை என்றால் ரகரத்தை லகரமாக்குவது. தீர்ந்தது.

இனி விளிக்கு வருகிறேன். வேற்றுமை ஏழு என்று ஒரு கணக்கைச் சொல்லி, விளியைச் சேர்த்தால் எட்டு என்று தொல்காப்பியர் முடித்தார். முடித்ததோடு விடாமல் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஒரு தனி இயலையும் ஒதுக்கினார். மற்ற வேற்றுமைகள் பெயரை வாக்கியத்துக்குள் ஒரு வேலைக்கு நியமிக்கின்றன. விளி மட்டும் வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் ஆளைப் பிடித்துத் திருப்புகிறது. திரும்புகிற ஆள் ஒருவர் இருந்தால்தான் விளி. (பழந்தமிழில் ‘விளிதல்’ என்றால் சாவதும்தான். அகராதிக்காரர்களின் விகடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பிள்ளைத்தமிழை எடுத்துக்கொண்டால் பத்துப் பருவமும் பெரும்பாலும் கூப்பாடுதான்: செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா. பாட்டுடைக் குழந்தை வாயைத் திறப்பதில்லை. பிற்காலத்தில் தலைவர்களுக்கெல்லாம் பிள்ளைத்தமிழ் பாடி அந்த வடிவத்தை நாசம் செய்தார்கள். ஆனாலும் அம்புலியைக் குழந்தையோடு விளையாட வரும்படி அழைத்தவனுக்கு, பேச்சு என்றால் யாரையாவது அழைப்பது என்பது தெரிந்திருந்தது.

வெகுஜன சாதனங்களின் அடிப்படைப் பொய் இந்த இடத்தில் இருக்கிறது. அவை ஓயாமல் விளித்துக்கொண்டிருக்கின்றன, யாரையும் கூப்பிடவில்லை. ‘நேயர்களே’ என்றது ரேடியோ. அழகான வார்த்தை. சென்னை வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவருக்கு ‘வானொலி அண்ணா’ என்றே பெயர் வந்தது. உறவுமுறையைக் கடன் வாங்கித்தான் பேச முடியும் என்ற கூச்சமாவது அந்தத் தலைமுறைக்கு இருந்தது. அந்தக் கூச்சமும் பிறகு போயிற்று. அமெரிக்காவில் 2000இல் பிறந்த டோரா என்ற பெண், 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் தமிழ் பேசினாள். ஒரு கேள்வி கேட்பாள். கண்ணை விரித்துச் சில விநாடி காத்திருப்பாள். பிறகு சபாஷ் போடுவாள். குழந்தை சரியாகச் சொன்னாலும் சபாஷ், தப்பாகச் சொன்னாலும் சபாஷ், எழுந்து மூத்திரம் போய்விட்டாலும் சபாஷ். இந்த ரக நிகழ்ச்சிகளைப் பார்த்த குழந்தைகளுக்கு வார்த்தைகள் கூடியதாக 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லிற்று. கூடட்டும். என்ன சொன்னாலும் ஒன்றுதான் என்பதையும் சேர்த்தல்லவா குழந்தை கற்றுக்கொள்கிறது.

கண்ணாடித் திரைமேல் எனக்குப் பகை கிடையாது. 2014இல் ரோஸ்பெரி, ஹெர்ஷ்-பாசெக், கோலின்காஃப் மூவரும் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தார்கள். எதிரே உட்கார்ந்து கற்பித்தாலும், ஸ்கைப் திரை வழியே அந்தக் கணமே பேசிக் கற்பித்தாலும் குழந்தைகள் கற்றன. திரை வழிப் பேச்சைப் பதிவு செய்து வேறு குழந்தைக்குப் போட்டுக் காட்டியபோது கற்கவில்லை. துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசுகிற அப்பன் தன் பிள்ளைக்குத் தமிழ் தரமுடியும். பக்கத்து அறையில் ஓடுகிற தமிழ்ச் சேனலால் முடியாது.

பொய் விளியின் விளைவை நான் பார்த்திருக்கிறேன். உறவினர் வீட்டில் நாலு வயதுப் பெண். உடைந்த ரிமோட் ஒன்றைச் சுவரில் சாய்த்துவைத்து, அதன் எதிரே உட்கார்ந்து, ‘ஹாய் ஃபிரெண்ட்ஸ், வாங்க வீடியோக்குள்ள போலாம்’ என்று ஆரம்பித்து, மண் சோறு சமைத்துக் காட்டி, லைக் போடச் சொல்லி முடித்தது. வீட்டில் எல்லோரும் ரசித்தார்கள். அந்த வயதில் நாங்களும் மண் சோறு சமைத்தவர்கள்தான். யாரையாவது பிடித்துவைத்துச் சாப்பிடச் சொல்வோம். ‘உப்பு பத்தலை’ என்பான் அவன். சண்டை வரும். இந்தப் பெண்ணின் சமையலுக்கு உப்பு பத்தலை என்று சொல்ல ஆளில்லை. ஆளில்லாத குறையும் அதற்குத் தெரியவில்லை. அது பேசியதில் இங்கிலீஷ் எத்தனை சதவீதம் என்று அறிக்கைக்காரர்கள் எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

இப்போது பதில் சொல்லும் யந்திரமே வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது. கேட்டதற்கு உடனே, பொறுமையாக, மணிக்கணக்காகப் பதில் சொல்கிறது. அதற்குத் தூக்கம் வருவதில்லை, கோபம் வருவதில்லை; ‘சும்மா இருடா, தலை வலிக்குது’ என்று அது ஒருநாளும் சொல்லாது. எதிராளிக்கும் தலை வலிக்கும் என்பதைக் கண்டுபிடிக்காமல் ஒரு குழந்தை எந்தப் பாஷையைக் கற்று என்ன செய்யப்போகிறது?

இங்கிலீஷ் கலப்பு பற்றி. ‘டோரை லாக் பண்ணிட்டியா?’ என்று ஒரு குழந்தை கேட்டால் அதில் இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கிறது, துணைவினை இருக்கிறது, வினா எழுத்து இருக்கிறது, எதிரே ஒரு ‘நீ’ இருக்கிறது. இரண்டு வார்த்தை அந்நியம், வாக்கியம் தமிழ். மாறாக, ‘பேருந்து கவிழ்ந்து விபத்துக்குள்ளானதில் இருவர் சம்பவ இடத்திலேயே பலியாயினர்’ என்பதில் அந்நியக் கலப்பென்று அறிக்கைக்காரர்கள் பதறுவதற்கு ஒன்றுமில்லை. இந்த வாக்கியத்தை ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். செத்தவனின் அண்ணனிடம் போய் இப்படிச் சொல்ல நாக்கு எழுமா? 1959இல் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது உதாரணமாக எடுத்துக்கொண்ட நாலு பாஷைகளில் தமிழ் இல்லை. ஆனால் தமிழனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பதில்தான் அவன் பிறக்கிறான். அந்தப் பிளவு இன்று நேற்று வந்ததல்ல, அதில் எனக்குப் புகாரும் இல்லை. பேச்சிலும் சேராத, புலவனின் எழுத்திலும் சேராத மூன்றாவது ஒன்று, செய்தித் தமிழ் என்று வளர்ந்திருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

குழந்தை கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைக்கிறது. ‘டம்ளர் ஒடைஞ்சு போச்சு’ என்று ஓடி வருகிறது. உடைத்தேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். தன்வினையின் உபயோகம் அந்த வயதிலேயே அதற்குத் தெரியும். செய்தவனை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் தானாக நடந்ததுபோல் முன்னே தள்ளலாம் என்ற தந்திரத்தைத் தமிழ் இலக்கணமே அதன் கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் எதிரே அம்மா இருக்கிறாள். ‘தானா ஒடைஞ்சுதா? யாரு ஒடைச்சா?’ என்கிறாள். ஒடைஞ்சதுக்கும் ஒடைச்சதுக்கும் நடுவே உள்ள தூரத்தை, அதன் தார்மீகத்தை, குழந்தை அன்று கற்கிறது. யாரும் அதற்குத் தன்வினை பிறவினை என்று எழுதிப்போடவில்லை.

செய்தித் தமிழ் அந்த டம்ளர் உடைத்த குழந்தையின் தமிழ். எதிரே அம்மா இல்லை. ‘கலவரம் வெடித்தது.’ ‘பதற்றம் நிலவியது.’ ‘தடியடி நடத்தப்பட்டது.’ ‘துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.’ வெடிப்பதும் நிலவுவதும் மழைபோல, மேகம்போலத் தானாக நடக்கின்றன. ‘படு’ என்ற துணைவினையை வைத்துக்கொண்டு தடியைப் பிடித்த கையை வெட்டி எடுத்துவிடலாம். தடி மட்டும் அந்தரத்தில் நின்று அடிக்கும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். இந்த ஆறேழு வார்த்தையில் எழுவாய், பயனிலை எல்லாம் இருக்கின்றன. எந்தப் பாட்டிக்கும் புரியும். யார் உத்தரவில் சுட்டார்கள் என்ற கேள்விக்கு அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் அறிக்கை கொடுத்தது. இடையே நாலு வருஷம், ‘துப்பாக்கிச் சூடு சம்பவம்’ என்ற பெயர்த்தொகை ஒன்று எழுவாயே இல்லாமல் உலவிக்கொண்டிருந்தது. ‘யாரு?’ என்பது குழந்தையின் வாயில் சீக்கிரமே வந்துவிடுகிற கேள்வி. செய்தி கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது மறந்துபோகிறது.

மரியாதை விகுதியிலும் இதே விளையாட்டு. பிக்பாக்கெட் அடித்தவன் ‘தப்பி ஓடினான்’. பாங்கியை ஏமாற்றியவர் ‘தலைமறைவாகியுள்ளார்’. இரண்டு பேரையும் போலீஸ்தான் தேடுகிறது. விகுதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை யார் யாருக்கு வைத்திருக்கிறோம் என்பதைக் குழந்தை வாசலில் நின்று மாமாவிடம் கற்றது. உறவில் வைத்துக் கற்றது. செய்தியிலோ அது வரும்படியைப் பார்த்து வருகிறது.

நம் பக்கங்களை இதிலிருந்து விலக்கிவைக்க நான் தயாராயில்லை. சிற்றேடுகளின் விமர்சனத்தில் ‘அனுபவத் தளத்தில் இயங்கும் பிரதி, வாசகப் பிரக்ஞையில் நிகழ்த்தப்படுகிறது’ என்று ஒருவர் எழுதுகிறார். யார் இயங்குகிறார், யார் நிகழ்த்துகிறார், யாரிடம் சொல்கிறீர்கள் ஐயா? ‘நடத்தப்பட்டது’ என்ற தடியடிக்கும் இதற்கும் வாக்கிய அமைப்பில் வித்தியாசம் சொல்லுங்கள். நமக்கு வாசகர்கள் முந்நூறு பேர். அநேகரைப் பேர் சொல்லியே கூப்பிடலாம். அந்தப் பாக்கியம் வாய்த்த நாமே ஆகாயத்தைப் பார்த்து எழுதினால், லட்சம் பேருக்கு அச்சடிக்கிறவனைக் குறை சொல்ல என்ன யோக்யதை?

கடைசியாக ஒரு கசப்பான விஷயம். அறிக்கையில் ஒப்பமிட்டவர்களில் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு நான் போய்வருகிறவன். அந்த வீடுகளில் ‘சொல்லு’ மாறிவிட்டது. ‘சே தேங்க்யூ டு அங்கிள்.’ ‘டோன்ட் டச், பேபி.’ ‘லுக், டாகி.’ பேசுகிறவருக்கு அந்தப் பாஷையில் கோபம் வராது, கிண்டல் வராது, பத்து வாக்கியத்துக்கு மேல் சரக்கும் கிடையாது. வீட்டிலேயே ஓர் அறிவிப்பாளராக மாறிக் குழந்தையின் முன் நிற்கிறார். இங்கிலீஷ் கற்பது குற்றமல்ல. உலகத்தில் பாதிக் குழந்தைகள் இரண்டு மூன்று பாஷையோடு சௌக்கியமாக வளர்கின்றன. தனக்கு வாழத் தெரியாத ஒரு பாஷையில் தன் பிள்ளையைக் கூப்பிடுவது வேறு விஷயம். டெலிவிஷனால் செய்ய முடியாததை இது செய்யும். ஏனென்றால் எதிரே ஆள் இருக்கிறார்; குழந்தை நம்புகிறது; அந்தப் பத்து வாக்கியத்தையும் பாஷை என்றே எடுத்துக்கொள்கிறது. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சோறு ஊட்டுவதற்குச் செல்போனைக் கையில் கொடுக்கும் தாய்மார்களைப் பற்றி மட்டும் நீளமான ஒரு பத்தி இருக்கிறது. அக்காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினார்களாம். நிலாவும் பதில் பேசியதில்லை. காட்டியவள் பேசினாள், அதுதான் சங்கதி. அவளுக்கு இப்போது பேச நேரமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளிடம், நிலாவைக் காட்டு என்று சொல்ல நமக்கு வாய் கூசவேண்டும். அவள் வேலைக்குப் போயிருக்கும் பகல் பொழுதில் அவள் குழந்தையோடு பேசுகிறவர் யார் என்று கேட்டிருந்தால் அறிக்கைக்கு ஓர் அர்த்தம் வந்திருக்கும். அங்கன்வாடி ஊழியர். 1975 அக்டோபரில் தொடங்கிய திட்டம். ஒரு மையத்துக்கு ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். இவ்வளவு காலம் ஆகியும் மத்திய அரசின் கணக்கில் அவருக்குத் தருவது சம்பளமல்ல, மதிப்பூதியம். நிரந்தர வேலைக்காகவும் சம்பளத்துக்காகவும் அவர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘குழந்தைகளின் தமிழ்’ என்று பேசுகிற நம்மில் ஒருவரும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. நாள் முழுவதும் இருபது வாய்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அந்த அம்மாள் எடை பார்க்க வேண்டும், முட்டை கணக்கு எழுத வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். 2021 மார்ச்சிலிருந்து அத்தனை விவரத்தையும் ‘போஷன் டிராக்கர்’ என்ற செயலியில் ஏற்றவும் வேண்டும். குழந்தை முந்தானையை இழுத்து ‘டீச்சர், டீச்சர், இவன் அடிச்சுட்டான்’ என்கிறது. ‘இரு கண்ணு, நெட்டு கிடைக்கல’ என்கிறார் அவர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.